முதல் வில் எத்தனை பவுண்டு? திருமங்கலம் தம்பிக்கு விரிவான பதில்

மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 34. பழைய பாணி ரீகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) பழக ஆசை. குறி பார்க்கும் சைட், வில் ஆடாமல் இருக்கப் பொருத்தும் ஸ்டெபிலைசர் எதுவும் வேண்டாம், வெறும் வில்லும் அம்பும் போதும் என்கிறார். உடம்பு உழைத்துப் பழகியவர் என்பதால் 45 பவுண்டு வில் ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறார், வாங்கலாமா என்பது முதல் கேள்வி. மொட்டை மாடியிலோ வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தரிசிலோ அடிக்கலாமா என்பது இரண்டாவது. கோச் இல்லாமல் தானாகப் பழக முடியுமா என்பது மூன்றாவது. பதினோரு வயது மகளும் கூடவே பழக வேண்டும் என்கிறாளாம், அவளுக்கு என்ன செய்வது என்பது கடைசி.

45 பவுண்டு வில்லை வாங்காதீர்கள், தம்பி. 24 அல்லது 26 பவுண்டில் தொடங்குங்கள். மற்ற எதில் தவறினாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இதில் தவறினால் சரிசெய்ய வருஷக்கணக்காகும்.

பவுண்டு என்று சொல்வது வில்லின் எடையை அல்ல, அதை முழுதாக இழுத்துப் பிடிக்க வேண்டிய விசையை. 45 பவுண்டு என்பது ஏறக்குறைய 20 கிலோ. உர மூட்டை சுமந்து பழகியவருக்கு இது ஒரு பாரமா என்று தோன்றும். ஆனால் மூட்டையைத் தூக்கும்போது தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து உழைக்கின்றன. வில்லில் அதே 20 கிலோவை மூன்று விரல்களில் மாட்டி, ஒரு கையை நேராக நீட்டி, மறு கையை முகத்தோடு சேர்த்து, அசையாமல் நிறுத்திக் குறி பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவிலும் அவற்றுக்குக் கீழேயும் இருக்கும் தசைகள். அன்றாட வேலையில் அவை தனியாக உழைப்பது அபூர்வம். மேலும் இது ஓர் அம்போடு முடிகிற காரியமில்லை. ஒரு காலைப் பயிற்சியில் 60 அம்பு விட்டால், 45 பவுண்டு வில்லில் மொத்தம் 1,200 கிலோவுக்கு மேல் இழுத்திருப்பீர்கள். 25 பவுண்டு வில்லில் அது 700 கிலோவுக்குள் நிற்கும்.

கனமான வில்லால் முதலில் கெடுவது தோள் இல்லை, பழக்கம். வில் பிடித்த தோள் காதை நோக்கி ஏறும். நாண் தாடைக்கு வந்து சேருமுன்னே விரல் விட்டுவிடும். தலை நாணைத் தேடி முன்னால் குனியும். நாண் முன்கையில் பட்டுத் தோல் கன்றிப் போகும், அடுத்த அம்புக்கு முன்பே கை பயந்து விலகும். இப்படியே சில மாதம் போனால் குறி மையத்துக்கு வருமுன் விரல் தானாக விட்டுவிடுகிற நிலை வரும். டார்கெட் பேனிக் என்று இதைச் சொல்வார்கள். பல வருஷம் அடித்தவர்களையும் இது உட்கார வைத்திருக்கிறது. தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் சிறு தசைநார்கள் கிழிவதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கதை.

எந்த எடை தனக்குச் சரி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். அம்பு மாட்டி, இலக்கை நோக்கியபடி முழுதாக இழுத்து, ஆங்கர் இடத்தில், அதாவது இழுத்த கை முகத்தில் வந்து நிற்கும் இடத்தில், 10 நொடி நிறுத்துங்கள். பிறகு விடாமல் மெதுவாக நாணை முன்னுக்குக் கொண்டுபோங்கள். அரை நிமிஷம் ஓய்வெடுத்து மறுபடி செய்யுங்கள். ஐந்தாறு முறை செய்தும் கை நடுங்காமல், தோள் ஏறாமல், மூச்சு அடைபடாமல் இருந்தால் அந்த எடை உங்களுடையது. நடுங்கினால் அது இன்னும் உங்களுடையதாகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு முதல் ஆறு மாதம் 25 பவுண்டை ஒட்டியே போகும். அதற்கப்புறம் 30, அதற்கும் அப்புறம் 35. வட்டம் போட்ட இலக்குப் பலகையில் அடிக்க 35 பவுண்டு தாராளம். வாழ்நாள் முழுக்க அதிலேயே நின்றாலும் குறைவில்லை.

எடை ஏற்றத்தான் டேக்டவுன் வில் வாங்கச் சொல்கிறேன். நடுவில் பிடிக்கும் கட்டை ரைசர், மேலும் கீழும் வளைகிற தகடுகள் லிம்ப். டேக்டவுனில் இந்த மூன்றும் தனித்தனியாகக் கழலும். எடை கூட்ட வேண்டும் என்றால் லிம்ப் ஜோடியை மட்டும் மாற்றினால் போதும், ரைசர் அப்படியே இருக்கும். சாமிக் சேஜ் என்ற 62 அங்குல மர வில் இந்த வகையில் பெயர் பெற்றது. அதே அமைப்பில் வேறு கம்பெனிகளின் வில்களும் கிடைக்கின்றன. கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் ஐ.எல்.எஃப். பொருத்தம் உள்ள ரைசர் வாங்குங்கள். அதில் எந்தக் கம்பெனியின் ஐ.எல்.எஃப். லிம்பும் உட்காரும், பழைய லிம்பை விற்பதும் எளிது.

வாங்குமுன் இழுப்பு நீளத்தை அளக்க வேண்டும். சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரியுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை யாரையாவது அளக்கச் சொல்லி, வந்ததை இரண்டரையால் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் ஏறக்குறையத் தெரியும். 170 செ.மீ. வந்தால் 68 செ.மீ., அதாவது 27 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், லிம்பில் அச்சிட்டிருக்கும் பவுண்டு 28 அங்குலம் இழுக்கும்போது உள்ளது. ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 2 பவுண்டு குறையும், கூடினால் கூடும். கை நீளமானவர் 26 பவுண்டு என்று வாங்கிய வில் அவர் கையில் 30 பவுண்டாக இருக்கும். வில்லின் உயரமும் இதையொட்டியதுதான். 27 அங்குலம் இழுப்பவருக்கு 62 அல்லது 64 அங்குல வில் போதும். 29, 30 என்று இழுப்பவர் 66 அல்லது 68 அங்குலத்துக்குப் போவது நல்லது. வில் குட்டையாக இருந்தால் முழு இழுப்பில் நாண் கூர்மையான கோணத்தில் மடிந்து விரல்களை நெருக்கும்.

எந்தக் கை வில் என்பதைச் சோற்றுக்கையை வைத்து முடிவுசெய்யாதீர்கள். இரண்டு கைகளையும் நீட்டி உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் ஓட்டைக்குள் இருக்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலது கண் என்றால் வலது கையால் நாண் இழுக்கும் வில், இடது கண் என்றால் இடது கையால் இழுக்கும் வில். கையும் கண்ணும் மாறிப் போனவர்களுக்கு, ஆரம்பத்திலேயே கண் பக்கம் பழகுவது நல்லது என்பது என் கருத்து.

நாண் ஏற்ற ஸ்ட்ரிங்கர் என்ற கயிறு கட்டாயம் வேண்டும். காலுக்கிடையில் வில்லைக் கொடுத்து வளைத்து நாண் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அப்படிச் செய்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். புதிய நாண் முதல் நாட்களில் நீளும், அதனால் கைப்பிடியின் ஆழமான இடத்துக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 62 அங்குல வில்லுக்கு அது ஏழரை முதல் எட்டேகால் அங்குலம் வரை இருக்கலாம். குறைந்தால் நாணைக் கழற்றிச் சில முறுக்குக் கூட்டுங்கள். லிம்பின் நுனி வலுவூட்டப்படாத வில்லில் சற்று நீண்டுகொடுக்கும் டேக்ரான் நூல் நாண் மட்டுமே போட வேண்டும், நீளாத ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நூல் நுனியை அறுத்துவிடும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது கூடவே கூடாது. அம்பு எடுத்துக்கொண்டு போக வேண்டிய விசை முழுக்க லிம்புக்குள் திரும்பி, வில்லே பிளந்துபோகும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் செய்யப் பார்ப்பது இதைத்தான். அவர்கள் கையில் கொடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.

இனி அம்பு. வில்லைவிட அம்பைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். சுமாரான வில்லும் பொருத்தமான அம்பும் இருந்தால் அம்புகளை ஒரே இடத்தில் கூட்டமாக விழவைக்கலாம். உயர்ந்த வில்லும் பொருந்தாத அம்பும் இருந்தால் முடியாது. காரணம், விரலால் விட்ட அம்பு நேராகப் புறப்படுவதில்லை. நாண் விரலை விட்டு வழுகும்போது பக்கவாட்டில் சற்று ஒதுங்குகிறது, பின்னாலிருந்து தள்ளப்படும் அம்பு வளைகிறது, ரைசரைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்ப்பாம்பு போல நெளிந்து போய்ப் பிறகுதான் நிலைப்படுகிறது. மெதுவாக ஓட்டிய வீடியோவில் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்கு நெளியும். அந்த நெளிவு வில்லின் விசைக்குப் பொருந்தினால் அம்பு ரைசரில் படாமல் கடந்து போகும். தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தாலும் தொளதொளப்பாக இருந்தாலும் கட்டையில் இடித்துத் திசை மாறும்.

இந்த விறைப்புக்கு ஸ்பைன் என்ற எண் உண்டு. 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தொய்கிறது என்பதே அந்த எண். 500 என்றால் அரை அங்குலம், 1000 என்றால் ஓர் அங்குலம். எண் கூடினால் தண்டு இளகல். கடைக்காரர்கள் கையில் எப்போதும் இருப்பது 400, 500 தண்டுகள்தான். அவை காம்பவுண்டு என்ற கப்பி வைத்த வில்லுக்கோ கனமான வில்லுக்கோ உரியவை. 25 பவுண்டு ரீகர்வுக்கு 800, 900, 1000 என்ற எண்களில் கேட்டு வாங்குங்கள். நீளம் உங்கள் இழுப்பைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம், ஒட்ட முடியாது. வெட்ட வெட்ட விறைப்பு கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எடையிலும் ஒரு கீழ்வரம்பு இருக்கிறது. வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 கிரெயினுக்குக் குறையாத அம்பு வேண்டும். 25 பவுண்டுக்கு 200 கிரெயின், அதாவது 13 கிராம். அதற்கும் லேசான அம்பு, அம்பில்லாமல் நாணை விடுவதில் பாதிக் கெடுதலைச் செய்யும்.

ரைசரின் மேடையிலேயே அம்பை வைத்து அடிக்கப் போகிறீர்கள் என்றால் இறகு வைத்த அம்பு வேண்டும். வான்கோழி இறகு கட்டையில் பட்டாலும் மடிந்துகொடுக்கும், வேன் என்ற பிளாஸ்டிக் இறகு மடியாமல் அம்பைத் தள்ளிவிடும். நாணில் அம்பு மாட்டும் இடத்துக்கு, அம்பு சமமட்டத்துக்குச் சுமார் அரை அங்குலம் மேலே உட்காரும்படி ஒரு நூல் முடிச்சுப் போடுங்கள். மூங்கில் அம்பு அழகுதான், ஆனால் ஒவ்வொரு தண்டும் ஒரு விறைப்பில் இருக்கும். கை பழகுகிற காலத்தில் தவறு கையிலா அம்பிலா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். கார்பன் அம்பை ஒவ்வொரு நாளும் அடிக்குமுன் இரு முனைகளையும் பிடித்து லேசாக வளைத்துக் காதருகே கேளுங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் உடைத்துத் தூரப் போட்டுவிடுங்கள். விரிசலுள்ள கார்பன் தண்டு புறப்படும்போதே சிதறி, வில் பிடித்த கையில் ஏறும். நாண் இழுக்கும் விரல்களைக் காக்க ஃபிங்கர் டேப் என்ற தோல் துண்டு, முன்கைக்கு ஆர்ம் கார்டு என்ற காப்பு, இவை இரண்டும் முதல் நாளிலிருந்தே.

வில் வருவதற்குள் சும்மா இருக்க வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை வளையமாகக் கட்டி, வில்லைப் பிடிப்பது போலவே பிடித்துக் காலையும் மாலையும் இழுத்துப் பழகுங்கள். இரண்டு பக்கமும் இழுங்கள், ஒரு பக்கமே இழுத்தால் முதுகு கோணும்.

நிற்பதில் இருந்து தொடங்குவோம். இலக்குக்குப் பக்கவாட்டில், கால்கள் தோள் அகலத்தில், எடை இரண்டு பாதத்திலும் சமமாக. வில்லை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கட்டைவிரல் அடியிலுள்ள சதைமேட்டில் கைப்பிடி சாய்ந்து நிற்க வேண்டும், விரல்கள் தளர்வாக. முழங்கை மூட்டின் உள்பக்கம் வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் நாண் கையில் படாது. நாணை விரல் நுனியில் பிடிக்காமல் முதல் மூட்டுக்குள் கொக்கியாக மாட்டுங்கள். ஆள்காட்டி விரல் அம்புக்கு மேல், மற்ற இரண்டு கீழ் என்பது ஒரு முறை. மூன்றும் அம்புக்குக் கீழ் என்பது இன்னொன்று. சைட் இல்லாமல் பழகுபவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன், அம்பு கண்ணுக்கு அருகில் வருவதால் குறி எளிது. இந்த இரண்டிலும் கட்டைவிரலுக்கு வேலையே கிடையாது. கொரிய, துருக்கிய, மங்கோலிய மரபுகளில் கட்டைவிரலில் வளையம் போட்டு அதனால்தான் இழுப்பார்கள், அம்பும் வில்லின் மறுபக்கம் உட்காரும். அது தனிக் கல்வி, ரீகர்வோடு கலக்க வேண்டாம்.

இழுக்கும்போது கையால் இழுப்பதாக நினைக்காதீர்கள். முழங்கையைப் பின்னால் சுற்றிக் கொண்டுபோவதாக நினைத்தால் முதுகு வேலைக்கு வரும். ஆள்காட்டி விரல் நுனி வாயின் ஓரத்தைத் தொட வேண்டும், தினமும் அதே ஓரம், அதே பல்லுக்கு நேர். இதுதான் ஆங்கர். சைட் இல்லாத வில்லில் பின்பக்கக் குறியே இதுதான். கால் அங்குலம் மாறினால் 18 மீட்டரில் அம்பு கையளவு ஏறி இறங்கும். விடும்போது விரலைத் திறக்க முயலாதீர்கள். முதுகு இழுத்துக்கொண்டே இருக்க, விரல் தளர்ந்தால் நாண் தானாகப் போகும், கை கன்னத்தை உரசியபடி காதுக்குப் பின்னால் போய் நிற்கும். அம்பு பலகையில் பட்ட சத்தம் கேட்கும் வரை வில் கையை இறக்காதீர்கள்.

இதையெல்லாம் எங்கே பழகுவது என்றால் மூன்று நான்கு மீட்டரில், குறித்தாளே ஒட்டாத வெறும் பலகையில். முதல் மூன்று வாரம் அப்படித்தான். பாதி அம்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு விடுங்கள், அருகில் பெரியவர் ஒருவர் நிற்கட்டும். வட்டம் கண்ணில் பட்டால் மனம் மையத்துக்கு ஓடிவிடும், உடம்பைக் கவனிக்காது. வெறும் பலகையில் கவனிக்க உடம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆரம்பிக்கும் எல்லோரும் இந்தக் கட்டத்தை இரண்டு நாளில் தாண்டிவிடப் பார்க்கிறார்கள். பொறுத்தவர்கள்தான் ஒரு வருஷம் கழித்தும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இது நான் கண்ணால் பார்த்தது.

பிறகு 10 மீட்டர். இங்கே குறி பார்க்கும் வழி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அம்பு முனையைக் கவனித்து அடிப்பது எளிய வழி. மையத்தில் முனையை வைத்து ஆறு அம்பு விடுங்கள். கூட்டம் ஒரு சாண் மேலே விழுந்தால், அடுத்த முறை முனையை ஒரு சாண் கீழே வையுங்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் அந்த இடைவெளியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முனையைப் பார்க்காமல் மையத்தை மட்டும் உற்றுப் பார்த்து உணர்வால் அடிப்பவர்களும் உண்டு. அதற்கு ஒரே தூரத்தில் ஆயிரக்கணக்கான அம்புகள் விட்டிருக்க வேண்டும். 18 மீட்டருக்குப் போக அவசரமே இல்லை. 10 மீட்டரில் ஆறு அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகிற வரை அங்கேயே இருங்கள்.

இடத்துக்கு வருவோம். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். 25 பவுண்டு வில்லின் அம்பும் மேல்நோக்கிப் போய்விட்டால் 100 மீட்டரைத் தாண்டும். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயப்போடும் அம்மா எங்கே நிற்பார் என்று உங்களுக்குத் தெரியாது. தரிசில் அடிக்கலாம், ஆனால் பின்தடுப்பு வேண்டும். தலை உயரத்துக்கு மேல் இருக்கும் மண்மேடு அல்லது ஜன்னல் இல்லாத குருட்டுச் சுவர் இருந்தால் நல்லது. முள்வேலியும் சீமைக்கருவேலப் புதரும் தடுப்பாகாது. அம்பு ஊடுருவிப் போகும், உள்ளே ஆடு நிற்பதும் தெரியாது. கண்மாய்க்கரையையும் பின்தடுப்பாக நினைக்காதீர்கள், கரைமேல் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும். உங்கள் தரிசின் ஓரத்தில் ஒற்றையடிப் பாதை இருந்தால், அது அடிக்கும் திசையில் இல்லாதபடி பலகையை மாற்றிப் போடுங்கள். எப்போதும் வடக்கு நோக்கி அடிப்பது நல்லது. நம் பக்கம் காலை மாலை வெயில் கண்ணில் அடிக்காது. உலகப் போட்டிகளிலும் பூமியின் வடபாதியில் இலக்கை வடக்கே வைப்பதே விதி.

பலகைக்குப் பெரிய செலவு வேண்டாம். தையல்கடைகளில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், மதுரையில் அதற்கா பஞ்சம். இரண்டு நெல் சாக்குகளில் அதை மிதித்து மிதித்து இறுக்கமாக அடைத்துத் தைத்து, மரச்சட்டத்தில் தொங்கவிடுங்கள். ஜிப், பித்தளைப் பட்டன் எதுவும் உள்ளே போகக் கூடாது. தளர்வாக அடைத்தால் அம்பு மறுபக்கம் வந்துவிடும். வைக்கோலை இறுக்கிக் கட்டியும் செய்யலாம், மழைக்காலத்தில் அழுகும், கரையான் ஏறும். அம்பைப் பிடுங்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஒரு கையால் பலகையை அழுத்தி, மறு கையால் தண்டை அடியில் பிடித்து நேராக இழுங்கள். நாலு பேர் சேர்ந்து அடித்தால் விசில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊதினால் கோட்டுக்கு வரலாம், ஒன்று ஊதினால் அடிக்கலாம், மூன்று ஊதினால் அம்பெடுக்கப் போகலாம், ஐந்தும் அதற்கு மேலும் ஊதினால் அம்பு நாணில் இருந்தாலும் இறக்கிவிட வேண்டும்.

யானைமலை, நாகமலை, சமணர் மலை அடிவாரம் எல்லாம் காலியாகத் தெரியும், ஆசையாகவும் இருக்கும். போகாதீர்கள். பாதி பாதுகாக்கப்பட்ட சின்னம், பாதி சாமி இருக்கிற இடம், எங்கும் மயில். அரிட்டாபட்டி 2022 முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம். மயில், முயல் எதுவானாலும் வில்லால் வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதற்கு மேல் பாவம். வேட்டைக்கான பிளேடு முனை அம்பை வாங்கவே வேண்டாம். வில்லைப் பையில் போட்டு மூடியே கொண்டுபோங்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லிம்ப் என்பது மரத்தையும் ஃபைபர் கிளாஸையும் பசையால் ஒட்டிய தகடு. சித்திரை மதியத்தில் மூடிய காருக்குள் நாண் ஏற்றிய வில்லை விட்டால் பசை இளகி அடுக்குப் பிரியும், அல்லது லிம்ப் முறுக்கும். பைக் டேங்க் மேலும் வைக்காதீர்கள். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் அடித்துவிட்டு நாணை இறக்கி, வீட்டுக்குள் படுக்கை வசமாகவோ ஆணியில் தொங்கவோ விடுங்கள், மூலையில் சாய்க்க வேண்டாம். ஆடிக் காற்றில் லேசான வில்லின் அம்பு நன்றாகவே ஒதுங்கும். அந்த மாதத்தில் பலகைக்கு அருகில் போய் உடம்பைத் திருத்தும் வேலையைச் செய்யுங்கள், மையத்தைத் துரத்தாதீர்கள்.

கோச் இல்லாமல் பழக முடியுமா? முடியும், ஆனால் முதல் மாதமாவது ஒருவர் கண் உங்கள் தோளில் இருப்பது நல்லது. மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் போய், வில்வித்தை சொல்லித் தருகிறவர்கள் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒலிம்பிக் பாணி சொல்லிக் கொடுப்பவர்களே கிடைப்பார்கள். சைட் இல்லாமல் அடிக்கப் போகிறேன் என்று சொல்லித் தயங்காமல் சேருங்கள், நிற்பதும் இழுப்பதும் விடுவதும் இரண்டுக்கும் ஒன்றுதான். பிறகு போன் போதும். ஒரு முறை நேர் பின்னாலிருந்தும் ஒரு முறை முகத்துக்கு எதிர்ப்பக்கமிருந்தும் வீடியோ எடுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் அம்பும் இழுக்கும் முழங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

போட்டி ஆசை வந்தால் உங்கள் பாணிக்கும் இடமுண்டு. பேர்போ என்ற பிரிவில் சைட்டும் ஸ்டெபிலைசரும் கிடையாது. நாண் இறக்கிய வில் 12.2 செ.மீ. வளையத்துக்குள் நுழைய வேண்டும். வெளி மைதானத்தில் 50 மீட்டர், உள்ளரங்கில் 18 மீட்டர். நம் நாட்டுக்கே உரிய இந்தியன் ரவுண்டும் இருக்கிறது, மூங்கில் வில்லால் அடிப்பது. நாட்டின் பெரிய வில்லாளிகள் பலர் மூங்கில் வில்லில் கை பழகியே மேலே வந்தவர்கள், ராஜஸ்தானின் லிம்பா ராம், ஜார்க்கண்டின் தீபிகா குமாரி உட்பட. ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஒரு முறை மகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

பாப்பாவுக்கு 12 முதல் 14 பவுண்டுக்குள், 48 முதல் 54 அங்குல உயரத்தில் ஒரு வில் போதும். 16-ஐத் தாண்ட வேண்டாம், வளரும் எலும்பு. உங்கள் வில்லை அவளிடம் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். அம்பு அவள் இழுப்பைவிட மூன்று அங்குலம் கூடுதலாக இருக்கட்டும், இந்த வயதில் ஒரே வருஷத்தில் கை நீண்டுவிடும். தலைமுடியைப் பின்னால் கட்டி, ஜிமிக்கியையும் சங்கிலியையும் கழற்றி, துப்பட்டா இல்லாமல் ஒட்டிய உடையில் நிற்கட்டும், நாணுக்கு எதைப் பார்த்தாலும் பிடித்திழுக்கும் குணம். அவள் ஐந்து மீட்டரிலிருந்து பலூன் அடிக்கட்டும். உங்களுக்குச் சொன்ன வெறும் பலகைத் தவம் குழந்தைக்கு வேண்டாம், அலுத்துப் போவாள். முப்பது அம்போடு நிறுத்துங்கள், இன்னும் அடிக்கிறேன் என்று கேட்கும்போதே நிறுத்துங்கள். நீங்கள் அடிக்கும் நேரத்தில் அவள் கோட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், அவள் அடிக்கும் நேரத்தில் உங்கள் கையில் வில் இருக்கக் கூடாது.

உங்கள் கைவிரிப்பு, உயரம், ஆதிக்கக் கண் எது, மகளுக்கும் இதே மூன்றும், தரிசின் நீளம், அதன் வடக்குப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை எழுதுங்கள். அம்பு நீளமும் ஸ்பைனும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை ஆர்டர் எதுவும் போட வேண்டாம்.